1904 டூர் டி பிரான்ஸ் வெற்றியாளர் யார்?

வணக்கம் நண்பரே. 1904 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்கு ஒரு பட்டியலில் மோரிஸ் காரேன் பெயரும் இன்னொன்றில் ஆன்றி கோர்னே பெயரும் இருப்பதால், வினாடி வினாவுக்கு எதை விடையாகக் கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். கோர்னே என்றே எழுதுங்கள். பாரிசில் முதலில் வந்தவர் காரேன்தான். ஆனால் விதிமீறல் புகார்களை விசாரித்த பிரெஞ்சு சைக்கிள் சங்கம், பந்தயம் முடிந்து நான்கு மாதங்கள் கடந்த பிறகு, முதல் நான்கு பேரையும் தகுதி நீக்கியதால், ஐந்தாவதாக வந்த 19 வயது கோர்னே வெற்றியாளரானார். பந்தயத்தில் இரவெல்லாம் ஓட்டிய நீண்ட கட்டங்களில் வீரர்களைக் கண்காணிப்பது எளிதாக இருக்கவில்லை. செந்த் எத்தியேன் நகர் அருகே, உள்ளூர் வீரர் ஃபோருக்கு வழிவிட்ட கூட்டம், பின்னால் வந்தவர்களை அடித்தே விட்டது.

இன்னொன்று: 1905 முதல் 1912 வரை மொத்த நேரத்தைக் கொண்டு அல்லாமல் புள்ளி முறையில்தான் வெற்றி தீர்மானிக்கப்பட்டது என்பதால், அவ்வாண்டுகளுக்கு நேர வித்தியாசம் கேட்டுக் கேள்வி அமைக்க வேண்டாம்.