வட்டக் கதவு ஏன் திறக்கவில்லை?

கேள்வி: ஐயா, என் கணவர் பணி ஓய்வு பெற்ற கையோடு, 1:18 அளவில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் மாதிரிக் காரை இணையத்தில் வாங்கினார். முழுக் கறுப்பு, கதவுகள் வட்டம். விலையைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். கதவும் திறக்கவில்லை, பானெட்டும் திறக்கவில்லை. ரோல்ஸ் ராய்ஸ் முகப்பு நிமிர்ந்து நிற்கும் என்பார்கள், இதில் சாய்ந்திருக்கிறது. ஏமாந்துவிட்டாரா?
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஏமாறவில்லை, அம்மா. விலையை மறைத்த குற்றத்தை மட்டும் நீங்கள் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாய்ந்த முகப்பும் வட்டக் கதவும்தான் அந்தக் காரின் அடையாளம். அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் என்ஜினையும் அடிச்சட்டத்தையும் மட்டுமே விற்றது. மேற்கூட்டை வேறொரு பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்த ஃபேன்டம் 1 காருக்கு, லண்டன் ஹூப்பர் பட்டறை முதலில் கட்டியது வழக்கமான கூடுதான். சொல்லிவைத்த டெட்ராய்ட் சீமாட்டி காரை எடுத்துக்கொள்ளவே இல்லை. பிறகு அதை வாங்கியவர் நான்பாரா ராஜா. இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் அதே நான்பாரா. இன்னும் சில கைகள் மாறி, 1934 வாக்கில் பெல்ஜியத்தின் யோங்கீர் பட்டறைக்குப் போனது. அவர்கள்தான் இந்த விசித்திரத்தைக் கட்டினார்கள். வட்டக் கதவுக்குள் சாதாரணக் கண்ணாடி எப்படி இறங்கும்? அதை இரண்டு துண்டுகளாகப் பிரிந்து இறங்கும்படி செய்தார்கள். எனக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்த இடம் அதுதான். மாதிரியில் அது தெரியாது என்பது வருத்தமே.

1950களில் அமெரிக்காவில் அதற்குப் பொன்னிறம் பூசி, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டினார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் பீட்டர்சன் அருங்காட்சியகம் 2001இல் வாங்கிய பிறகே கறுப்பானது. ஆக, உங்கள் வீட்டில் இருப்பது அருங்காட்சியகத்துக் கார். 'ராஜா ஓட்டிய கார்' என்று விற்றவர் அளந்திருந்தால் நம்ப வேண்டாம்; ராஜா வாங்கியபோது கதவு வட்டமாக இல்லை.

கதவு திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ரெசின், அதாவது அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ஒருவகை பிளாஸ்டிக். உலோக மாதிரிக்கு எஃகு அச்சு வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தச் செலவு கட்டும். இப்படிப்பட்ட அபூர்வக் காரை அவ்வளவு பேர் வாங்க மாட்டார்கள். அதனால் சிலிகோன் ரப்பர் அச்சில் ரெசினை ஊற்றிச் சில நூறு மட்டும் எடுப்பார்கள். உடல் ஒரே வார்ப்பு. கதவைத் திறக்க நகத்தை விட்டு நெம்பினால் பெயிண்ட்தான் பெயரும். பேரப்பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

நம் ஊரில் அதற்கு முதல் எதிரி பிற்பகல் வெயில். மேற்குப் பார்த்த வீவக அடுக்குமாடி வீட்டில் சன்னலோரம் வைத்தால் ரெசின் வளைந்துவிடலாம். அடுத்தது ஈரப்பதம். பளபளக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள் வெறும் பசையில் ஒட்டியிருப்பவை, நாளடைவில் கழன்றுவரும். கேமராவுக்கு விற்கும் ஈரம் நீக்கும் அலமாரி நல்லது. 50 விழுக்காட்டில் வையுங்கள். துணி அலமாரியில் வைக்கும் நீர் உறிஞ்சும் டப்பாவை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் சேர்வது கால்சியம் குளோரைடு கரைந்த நீர். கவிழ்ந்தால் உலோகத்தை அரித்துவிடும். தூக்கும்போது அடிப்பலகையைப் பிடித்தே தூக்குங்கள்.

கதவு திறந்தே தீர வேண்டும் என்றால், மாதிரிக் கார் நிறுவனமான சிஎம்சி செய்த உலோக புகாட்டி அட்லாண்டிக் இருக்கிறது. அதன் விலை தெரிந்தால் இந்த ரோல்ஸ் ராய்ஸை மன்னித்துவிடுவீர்கள். உங்கள் கணவர் காதில் இதைப் போடாதீர்கள்.