மாமாவின் ஒற்றை விரல்

கேள்வி: நேரில் தங்கமாகப் பழகுகிறவர்கள்கூட ஊர் வாட்ஸ்அப் குழுவில் எரிந்து விழுகிறார்களே, ஏன்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: பாதிப் பேர் எரிந்து விழுவதே இல்லை, நமக்கு அப்படிப் படுகிறது. போன குறுவையில், "வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று எங்கள் குழுவில் கேட்டேன். கடைமடைக்காரன் கவலை எனக்கு. மேல்மடையில் வயல் வைத்திருக்கும் மாமா ஒருவர், "போய்ப் பார்" என்று போட்டார். அவ்வளவுதான். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அப்புறம் டீக்கடையில் பிடித்துக் கேட்டால், "மடையில நின்னுகிட்டு இருந்தேன் மாப்ளே, கை பூரா சேறு. ஒத்த விரல்ல அவ்வளவுதான் தட்ட முடிஞ்சுது" என்கிறார்!

எழுத்துக்குக் குரல் கிடையாது. 2005இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் க்ரூகர், எப்லி குழுவினர் மின்னஞ்சலை வைத்து இதைச் சோதித்தார்கள். தாங்கள் எழுதியது கிண்டலா, நிஜமா என்பது 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்ததோ 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வருமே!

மீதிப் பேர் நிஜமாகவே திட்டுகிறவர்கள்தான். எதிரே முகம் இல்லை, சொந்தப் பெயரும் வேண்டாம் என்றால் வாய்க்கட்டு அவிழ்ந்துவிடுகிறது. உளவியலாளர் ஜான் சூலர் 2004இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

நான் இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் போன் போட்டுவிடுகிறேன். மாமா எடுப்பதில்லை, அது வேறு கதை.