தொழுவத்தில் கிடக்கும் ஆர்.எக்ஸ். 100: வண்டிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக், 1992 மாடல், மாட்டுத் தொழுவத்தில் ஒன்பது வருசமாக நிற்கிறது. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. வீட்டிலேயே பிரித்து ஓட வைத்து, பின்பக்கம் சேஸை வெட்டி ஒற்றை சீட் போட ஆசை. எங்கே ஆரம்பிக்க?
– கல்லூரி மாணவர், சேரன்மகாதேவி

பதில்: தம்பி, முதலில் கிக்கரிலிருந்து காலை எடுங்கள். இறுகிய இன்ஜினை மிதித்து இறக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் தப்பு. இருபது வயதில் நானும் செய்தேன். துருவோடு ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங் ஒடிந்து, அந்தத் துண்டு சிலிண்டர் சுவரில் ஆழமாகக் கோடு இழுத்துவிட்டது. ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வரை போய்விட்டது.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) சரிபாதி கலந்து ஒரு சின்ன டம்ளரில் பாதி ஊற்றி, மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள். நாலாம் நாள் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். நூல் அளவு அசைந்தால் போதும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வழிவிடும். இளகிவிட்டதே என்று உடனே ஸ்டார்ட் பண்ணிவிடவும் கூடாது. இது டூ ஸ்ட்ரோக், ஹெட்டில் வால்வு, கேம் என்று எதுவும் கிடையாது, நாலு நட்டைக் கழற்றினால் ஹெட் கையோடு வந்துவிடும். சிலிண்டரையும் உருவி எடுத்து, உள்சுவரில் விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். கலவையும் புகையும் போய்வரும் போர்ட் ஜன்னல்களைத் தவிர வேறெங்கும் நகம் தட்டவில்லை என்றால், லேசாக ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது) போட்டுப் புது ரிங் மாட்டலாம். தட்டினால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். அசல் போர் 50 மி.மீ., அதற்கு மேல் கால் கால் மில்லியாக பிஸ்டன் சைஸ் ஏறும். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள். போர் போட்டுவிட்டு பிஸ்டன் தேடினால் இடைவெளி சரியாக வராது.

இன்னொன்று, வெளியே தெரியாதது: கிராங்க் ஆயில் சீல், கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையம். ஒன்பது வருசத்தில் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றை இழுத்து, பெட்ரோல் கலவை மெலிந்து, ஐடிலிங் தானாக ஏறும், பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விடாமல் இரண்டையும் மாற்றுங்கள். 2டி ஆயில் பம்ப் சரியாக ஊட்டுகிறதா என்று உறுதியாகும் வரை லிட்டர் பெட்ரோலுக்கு 30 மில்லி ஆயிலை டேங்கிலேயே கலந்து ஓட்டுங்கள்.

கார்பரேட்டரைப் பிரித்தால் அடிக் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் காய்ந்து, வெல்லப்பாகு பிடித்த மாதிரி ஒட்டியிருக்கும். ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி விடாதீர்கள், பித்தளை மெத்தென்றது, ஓட்டை பெரிதாகிவிடும். மெல்லிய தூண்டில் நரம்பு போதும். கழற்றும் முன் ஒவ்வொரு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே போட்டு வைத்தால் மாட்டும்போது தேட வேண்டியிருக்காது.

டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். செங்கல் நிறத்தில் துரு இருந்தால், பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, பத்து லிட்டர் வெந்நீருக்கு அரைக் கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். குத்துவிளக்குக்குப் புளி போடுகிற அதே சங்கதிதான், புளியின் சக்கை டேப்பை அடைக்கும் என்பதால் இங்கே இது. காலையில் கொட்டி, சோடா உப்புத் தண்ணீர் விட்டு அலசி, நம் ஊர் வெயிலில் நன்றாகக் காய வைத்து, உடனே ஆயில் விட்டுக் குலுக்கி எடுங்கள். ஒரு மணி நேரம் சும்மா வைத்தாலும் புதுத் துரு பிடித்துவிடும். டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்களாக வெல்டிங் வைக்கவே வேண்டாம். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும், உயிர் போகிற விஷயம் அது.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். பெட்ரோல் டியூப், கார்பரேட்டர் ஓ ரிங் எல்லாம் புதிதாகவே போடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

சேஸை வெட்டுவதற்கு வருகிறேன். வேண்டாம் தம்பி. பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் தாங்குவது அந்த சேஸைத்தான், வெட்டி ஒட்டிய இடம் என்றைக்குப் பிளக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டமும் இடம் கொடுக்காது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. தவிர, ஆர்.சி. 15 வருசம், பிறகு ஐந்தைந்து வருசம். உங்கள் வண்டிக்கு 2007, 2012, 2017, 2022 என்று புதுப்பித்திருக்க வேண்டும். விட்டுப் போயிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும், வெட்டின வண்டியை எப்படிக் காட்டுவீர்கள்? யமஹாவும் எஸ்கார்ட்ஸும் சேர்ந்து இதை 1985 முதல் 1996 வரைதான் செய்தார்கள். இனி இந்த சேஸ் புதிதாக வராது. சீட்டின் ரெக்சினை மாற்றுங்கள், குரோமை மெருகேற்றுங்கள், ஸ்போக் கம்பி புதிதாகக் கட்டுங்கள். பெயின்ட் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதியுங்கள். நாளைக்கே பழையபடி திருப்ப முடிகிற மாற்றம் எதுவோ அதில் ஆசையைக் காட்டுங்கள்.

கேள்வி: சத்தத்துக்காக சைலன்சர் உள்குழாயை உருவிவிட்டேன். சத்தம் வருது, இழுவை போச்சு. ஏன் அண்ணாச்சி?
– பேட்டை வாசகர்

பதில்: டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் போர்ட்டும் புதுக் கலவை வரும் போர்ட்டும் கொஞ்ச நேரம் ஒன்றாகவே திறந்திருக்கும். புகையோடு கலவையும் வெளியே ஓடப் பார்க்கும். சைலன்சரின் வயிறு விரிந்து பிறகு குறுகுகிற இடத்தில் அழுத்த அலை மோதித் திரும்பி வந்து, ஓடிய கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளும். அந்தக் கணக்கோடுதான் அதன் நீளம், சுற்றளவு எல்லாம். உள்ளே கை வைத்தால் கணக்கு கெட்டுவிடும், கலவை மெலிந்து பிஸ்டனும் சூடேறும். உள்குழாயைத் திரும்ப மாட்டுங்கள். மாட்டும் முன் அதில் படிந்த கரியைச் சுரண்டி எடுங்கள், இழுவை முன்னைவிட நன்றாகவே இருக்கும். அந்தச் சத்தத்தோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி வழியாக ராத்திரி போகிறீர்கள் என்றால், உள்ளே படுத்திருப்பவர்களை ஒரு நிமிசம் நினைத்துப் பாருங்கள். சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு, மூன்று மாதம் லைசென்சும் போகும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி சீட் வரை மூழ்கியது. ஆயில் மாற்றி ஓட்டுகிறோம். இப்போது முன்சக்கரத்தில் ‘ங்ங்’ என்று சத்தம், லைட்டும் மின்னுகிறது.
– ஸ்ரீவைகுண்டம் வாசகர்

பதில்: அந்த 17, 18 தேதிகளை யார் மறப்பார்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை. இன்ஜினை மட்டும் கவனித்து மற்றதை விட்டவர்கள் நிறைய. ஆற்று வண்டல் வீல் பேரிங்குக்குள் போய் கிரீஸைத் தின்றிருக்கும், கழுவிப் பயனில்லை, இரண்டு சக்கரத்துக்கும் பேரிங் புதிதாக மாற்றுங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன்செட்டையும் பிரித்துப் பாருங்கள். லைட் மின்னுவது பெரும்பாலும் எர்த் வயர். சேஸில் அது முறுக்கியிருக்கும் இடத்தைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி மாட்டுங்கள். வயரிங் கப்ளர்களில் பச்சையாகப் பூத்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புது முனை போட வேண்டும்.

கேள்வி: உவரிக் கடல் காற்றில் குரோம் எல்லாம் பூத்துவிடுகிறது. வழி உண்டா?

பதில்: வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் இல்லை, இன்ஜின் ஆயில் தொட்ட துணியால் மெல்லத் தேய்த்து விடுங்கள். ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் வெளியூரில். அவருடைய பழைய வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். பின் பிரேக் ஷூவை நானே மாற்றலாமா அண்ணாச்சி?
– அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: தாராளமாக மாற்றலாம் தங்கச்சி, ஒரு மத்தியான நேரம் போதும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கேம் இருக்கும் இடத்தில் கிரீஸ் தொட்டு வையுங்கள், லைனிங்கில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. சக்கரத்தை மாட்டி ஆக்சில் நட்டை முடிவாக முறுக்கும்போது பிரேக்கை யாரையாவது மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஷூ டிரம்முக்கு நடுவில் உட்காரும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசுகிற சத்தம் கேட்டும் கேட்காமலும் இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வீட்டுத் தெருவிலேயே மெதுவாகப் போய்ப் பிடித்துப் பழகுங்கள், புது ஷூ டிரம்மோடு ஒட்டி உட்காரும் வரை பிடிமானம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போகலாம்.