சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் வரை வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகனுக்கு இரண்டே முக்கால் வயதாகிறது. ஐந்தாறு சொற்கள்தான் பேசுகிறான். பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சுட்டிக்காட்டாமல் என் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறான். குழந்தை நல மருத்துவர் எங்களை வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான சிறப்பு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார். அங்கே ஐந்து மாதம் கழித்துத்தான் நாள் கிடைத்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களோ, ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்கிறார்கள். என்ன குறை என்றே தெரியாத நிலையில் நானாக எதையாவது செய்து அது தவறாகப் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அதுவரை நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் குழந்தையோடு விளையாடுவதற்கும் பேசுவதற்கும் அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை), பேச்சுத் தாமதம் என்று பின்னால் எது உறுதியானாலும், இந்த வயதில் பெற்றோருக்கு முதலில் கற்றுத்தரப்படுவது குழந்தையோடு பழகும் முறைதான். வளர்ச்சித் தாமதமுள்ள 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்கென உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பயிற்சித் திட்டமும், நோய் உறுதியாகும் வரை காத்திருக்கச் சொல்வதில்லை. விளையாட்டையும் அன்றாட வீட்டு வேலைகளையும் கொண்டே அது நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செவித்திறன் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் குறையில்லை என்று சொல்லியிருந்தாலும், நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால் பின்னாளில் கேட்கும் திறன் குறையக்கூடும். இதற்குச் சிறப்பு மருத்துவரின் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது விளையாட்டு. அவன் எதைப் பார்க்கிறானோ, அவனுக்கு எதிரே தரையில் அமர்ந்து நீங்களும் அதையே பாருங்கள். சோப்புக் குமிழி ஊதும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை ஊதிவிட்டு, குப்பியை உங்கள் முகத்தருகே பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். இடையில் எதுவும் பேசாதீர்கள். அவன் குப்பியைப் பார்த்துவிட்டு உங்கள் கண்ணைப் பார்க்கலாம், கையை நீட்டலாம், ஏதோ ஓர் ஒலி எழுப்பலாம். எதுவானாலும் அது உங்களிடம் அவன் கேட்பதுதான். உடனே "ஊது" என்று சொல்லி ஊதுங்கள். "ஊது என்று சொன்னால்தான் ஊதுவேன்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கேட்டால் கிடைக்கிறது என்று அவன் அறிவதுதான் இங்கே முக்கியம். சொற்கள் அதன் பின்னால் வரும். அவன் ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டாகச் சொல்லுங்கள்: "பந்து" என்றால் "பெரிய பந்து". "இது என்ன, அது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டும்போதும் உடை மாட்டும்போதும்கூட இப்படிச் சற்று நிறுத்திக் காத்திருக்கலாம்.

சைகைகளையும் படங்களையும் காட்டிப் பழக்கினால் பேச்சு வராது என்று பலர் அஞ்சுகிறார்கள். அது உண்மையல்ல, பேச்சுக்கு அவை துணைதான். அதேபோல், பேச்சுத் தாமதத்துக்காக வீட்டு மொழியைக் கைவிட வேண்டியதும் இல்லை.

பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகள் சற்றுத் தாமதமாகப் பேசுவது உண்டு. ஆனால் இந்த வயதிலும் சுட்டிக்காட்டாமல் இருப்பதற்கும், அழைத்தால் திரும்பாமல் இருப்பதற்கும் அது விளக்கமாகாது.

குணப்படுத்திவிடுவதாக உறுதி கூறி விற்கப்படும் எதையும் நெருங்காதீர்கள். உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை உயிருக்கே ஆபத்தானது. தடுப்பூசிகளையும் நிறுத்தாதீர்கள்; அவற்றில் ஒன்றையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998இல் வெளியான ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.

அவன் விளையாடுவது, சாப்பிடுவது, அழைக்கும்போது நடந்துகொள்வது ஆகியவற்றைக் கைப்பேசியில் சிறு காணொளிகளாக எடுத்து வையுங்கள். புதிய இடத்தில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் மருத்துவரால் பார்க்க முடியாததை அவை காட்டும். வேறு யாராவது தங்கள் நாளில் வராமல் போனால் உங்களை முன்கூட்டியே அழைக்கும்படி சிறப்பு மருத்துவரின் இடத்தில் கேட்டு வையுங்கள். பேச்சுப் பயிற்சியாளரை இப்போதே பார்க்க முடியுமா என்றும் குழந்தை நல மருத்துவரிடம் விசாரியுங்கள். பேசிய சொற்களை மறந்துபோனாலோ, வலிப்பு வந்தாலோ, அழைப்புக்குப் பதில் இல்லாமல் திடீர் திடீரென்று வெறித்து நின்றாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இந்த ஐந்து மாதங்களில் அவன் நிறையப் பேசத் தொடங்கினாலும் வாங்கிய நாளை ரத்து செய்துவிடாதீர்கள். எதில் முன்னேறியிருக்கிறான், எதில் இன்னும் உதவி தேவை என்று பார்த்துச் சொல்ல அந்தச் சிறப்பு மருத்துவர் வேண்டும்.