ஜீன் டெஸ்ட் யாருக்கு வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

பரம்பரை, சர்க்கரை, பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்றக் கோளாறு பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு மருத்துவக் குழுவின் பதில்கள்.

கேள்வி: அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை. எனக்கு 32 வயது, இன்னும் வரவில்லை. எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் வருமா வராதா என்று சொல்லிவிடுகிறார்களாமே, செய்து பார்க்கலாமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: அந்தப் பணத்துக்கு ஒரு இஞ்ச் டேப்பும் நல்ல ஷூவும் வாங்குங்கள்.

டைப் 2 சர்க்கரைக்கு ஒற்றை ஜீன் காரணமில்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சின்ன மாற்றங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிவிடுகின்றன. பரவலாகக் காணப்படுபவற்றில் பலமானது டி.சி.எஃப்.7எல்2 என்ற ஜீனில் உள்ள மாற்றம். ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டது. அதில் ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய 1.4 மடங்காகும், அவ்வளவுதான். எச்சில் டெஸ்ட் தரும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவிலிருந்து போட்ட கணக்கு. நம் ஆட்களுக்கு அது அதே அளவு பொருந்துவதில்லை.

சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் உருவாக்கிய ரிஸ்க் ஸ்கோர் காசில்லாமல் இதைவிட உருப்படியான பதிலைச் சொல்லும். வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. பெற்றோரில் ஒருவருக்கு சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 முதல் 99 செ.மீ. என்றால் 10, 100-ஐத் தொட்டால் 20. பெண்ணுக்கு இதே கணக்கு 80-லும் 90-லும் தொடங்கும். உடலுழைப்பைப் பொறுத்து 0 முதல் 30 வரை. கூட்டுத்தொகை 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். உங்கள் இடுப்பு 94 செ.மீ., நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்த வேலை, நடையும் இல்லை என்று வையுங்கள்: 0+20+10+30, சரியாக 60. பெற்றோர் தந்த 20-ஐ அழிக்க முடியாது. மீதி 40 உங்கள் கையில். பேன்ட் சைஸைப் பார்த்து இடுப்பளவு எழுதாதீர்கள். தொப்பைக்குக் கீழே கட்டுகிற பேன்ட் பொய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.

சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய சர்க்கரைத் தடுப்பு ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் நின்றவர்களில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு ஏறக்குறைய மூன்றாண்டுகளில் 55 சதவீதம் நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் பிடித்தவர்களுக்கு 39.3 சதவீதம். இரு தரப்பும் நம் நாட்டு ஜீன்களோடு பிறந்தவர்கள்தான்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, ஒல்லி. நான்கு வருடமாக வெறும் வயிற்றில் 115-லிருந்து 125-க்குள்ளேயே நிற்கிறது. ஹெச்.பி.ஏ.1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.3. என் கணவருக்கும் மாமியாருக்கும் இதே அளவுதான். மாமியாருக்கு 70 வயதாகியும் கண், சிறுநீரகம் எதுவும் கெடவில்லை. மாத்திரை சாப்பிட்டும் மகளுக்கு இறங்கவே இல்லை.
– கும்பகோணம் வாசகி

பதில்: உங்களுக்குத்தான் ஜீன் டெஸ்ட் வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தலைமுறைக் கதை ஜி.சி.கே. வகை எம்.ஓ.டி.ஒய். (இளவயதிலேயே தெரியும் பரம்பரைச் சர்க்கரை) கோளாறைச் சுட்டுகிறது. ஒரே ஜீனால் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கணையத்தில் சர்க்கரையை உணரும் குளுக்கோகைனேஸ் நொதி சற்று மந்தமாக இருப்பதால், உடல் 90-க்குப் பதில் 120-ஐயே இயல்பு என்று பிடித்துக்கொள்கிறது. மாத்திரையால் கொஞ்சம் இறக்கினாலும் உடல் திரும்ப அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும். பிறவியிலிருந்தே வெறும் வயிற்றில் 100 முதல் 150-க்குள் நிற்கும், வயதோடு அதிகம் ஏறாது. கண், சிறுநீரகப் பாதிப்பு மிக அரிது. பெரும்பாலோருக்கு மருந்தே தேவையில்லை.

ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஜி.ஏ.டி., ஐ.ஏ.2 ஆன்டிபாடி (உடலே தன் கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டுபவை) பார்த்து டைப் 1 இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து சி-பெப்டைட், உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது. பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரச் சோதனை. இந்த வகையில் வெறும் வயிற்று அளவிலிருந்து பெரும்பாலும் 54 மி.கி.க்கு மேல் ஏறாது. இவை பொருந்தினால் மட்டும் ஜீன் டெஸ்ட். ஊதா மூடிக் குழாயில் சில மி.லி. ரத்தம் போதும், வெறும் வயிறு வேண்டாம். மகளிடம் மாற்றம் தெரிந்தபின் கணவருக்கும் மாமியாருக்கும் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவு வெகுவாகக் குறையும். ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்று வந்தால் அதை வைத்து மருந்தை நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

பெயர் தெரிவது ஏன் முக்கியம் என்றால், எம்.ஓ.டி.ஒய்.யிலேயே இன்னொன்றான ஹெச்.என்.எஃப்.1ஏ வகை நேர்மாறானது: வருடத்துக்கு வருடம் ஏறும், கண்ணையும் கெடுக்கும். ஆனால் இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையைச் சிறு அளவில் கொடுத்தாலே பிரமாதமாகக் கேட்கும். மகள் நாளை கர்ப்பமானாலும் இந்த முடிவு உதவும். ஜி.சி.கே. மாற்றம் சிசுவுக்கும் வந்திருந்தால், தாயின் சர்க்கரையை இன்சுலின் போட்டு இறக்குவது சிசுவின் எடையைக் குறைத்துவிடும். முடிவு வரும்வரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: மாமன் மகளைக் கல்யாணம் செய்தேன். முதல் குழந்தை நன்றாகப் பிறந்து, மூன்றாம் நாள் பால் குடிக்காமல் துவண்டு, பத்தாம் நாள் இறந்தது. வளர்சிதை மாற்றக் கோளாறாக (உணவை உடல் பயன்படுத்தும் வேதிவினையில் பிறவிப் பழுது) இருக்கலாம் என்றார்கள். மனைவி இப்போது 8 வார கர்ப்பம்.
– திருவாரூர் வாசகர்

பதில்: நாளை தள்ளாமல் இந்த வாரமே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். மாமன் மகள், அத்தை மகன் உறவில் இருவரின் ஜீன்களில் எட்டில் ஒரு பங்கு பொது. இருவரும் ஆரோக்கியமாக இருந்துகொண்டே ஒரே பழுதை ஒவ்வொரு பிரதி சுமந்திருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. முதலாவதற்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்ற கணக்கு இதில் செல்லாது.

இறந்த குழந்தையின் ரத்தமோ டி.என்.ஏ.வோ எங்காவது சேமிப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள், அதுதான் தங்கம். இல்லையென்றால் உங்கள் இருவர் ரத்தத்திலும் எக்ஸோம் பரிசோதனை (ஜீன்களின் முக்கியப் பகுதிகளை மொத்தமாகப் படிப்பது). பழுது பிடிபட்டால் 11-லிருந்து 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ சிசுவைச் சோதிக்கலாம். எக்ஸோமுக்கே சில வாரங்கள் பிடிக்கும் என்பதால்தான் அவசரம்.

பழுது பிடிபடாவிட்டால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவம் வைத்து, குழந்தை மருத்துவரிடம் பழைய கதையை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இந்தக் கோளாறுகளின் தொடக்கம் கிருமித்தொற்று மாதிரியே தெரியும். அதனால்தான் கோட்டை விடுகிறார்கள். குழந்தை துவண்டால் அதே மணி நேரத்தில் சர்க்கரை, ரத்த வாயு, லாக்டேட், அமோனியா நான்கும் வேண்டும். அமோனியா ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியே வெறுமனே கிடந்தால் அளவு பொய்யாக ஏறும்.

இந்தக் கோளாறுகளைத் தேடக் குதிகால் ரத்தத்தை வடிதாளில் எடுக்கும் ஸ்கிரீனிங் வழக்கமாகப் பிறந்து 48 முதல் 72 மணி நேரத்தில். உங்கள் குழந்தைக்கு அதுவரை காத்திருக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். எடுப்பதில்தான் தவறுகள் அதிகம். ஸ்பிரிட் காயுமுன் குத்துவது, குதிகாலைப் பிழிந்து திசுநீரைக் கலப்பது, ஒரே வட்டத்தில் இரண்டு முறை சொட்டுவது எல்லாமே ரிசல்ட்டைக் கெடுக்கும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய சொட்டு ஒரே தடவையில் வட்டத்தை நிரப்ப வேண்டும். தாளைப் படுக்கை வாட்டில், வெயில் படாமல் 3, 4 மணி நேரம் உலர்த்த வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஈரம் காயுமுன் பிளாஸ்டிக் உறையில் போட்டு தபாலில் சேர்த்தால், திரும்ப எடுக்கச் சொல்லித்தான் பதில் வரும்.

கேள்வி: ஹெச்.பி.ஏ.1சி 6.6, ஆனால் வெறும் வயிற்றில் 92தான். ஹீமோகுளோபின் 8. எதை நம்புவது?
– நாகப்பட்டினம் வாசகி

பதில்: இப்போதைக்கு வெறும் வயிற்று 92-ஐ. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் கூடுதல் நாள் ஓடுவதால் ஏ1சி பொய்யாக ஏறும். இரும்பு மாத்திரை முடித்து ரத்தம் தேறியபின் திரும்பப் பாருங்கள். அதற்குள் முடிவு தெரிய வேண்டுமென்றால் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை.

கேள்வி: எங்கள் ஊர் முகாமில் எனக்குச் சர்க்கரை 88 வந்தது. தஞ்சாவூரில் மறுவாரம் 112. எது சரி?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: குழாய் எவ்வளவு நேரம் வேனில் கிடந்தது என்று கேளுங்கள். பிரிக்காத ரத்தத்தில் செல்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், வெயிலில் இன்னும் வேகமாக. சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃப்ளோரைடும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுதாகத் தடுக்காது. 112-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு முறை லேபிலேயே கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார்களே?
– பாபநாசம் வாசகர்

பதில்: ஏறும். நெல்லுக்கும் ஜீன் உண்டு: வாக்ஸி என்ற ஜீன்தான் அரிசியின் அமைலோஸ் அளவைத் தீர்மானிக்கிறது. அமைலோஸ் கூடினால் சர்க்கரை மெதுவாக ஏறும். 2011-ல் வெளியான ஆய்வில் 235 ரகங்களின் கிளைசீமிக் குறியீடு (சாப்பிட்டதும் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்ற அளவு) 48-லிருந்து 92 வரை பரந்து கிடந்தது. நிறமும் பழமையும் அதற்கு உத்தரவாதமில்லை. தீட்டாத தவிட்டில் நார்ச்சத்து கிடைக்கும், நல்லதுதான். ஆனால் எந்த ரகச் சோறானாலும் 150 கிராமில் 40 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. 'நல்ல அரிசி' என்று இரண்டாவது கரண்டி விழும்போதுதான் வம்பு.

கேள்வி: ஜீன் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்கிறார்கள். கொடுத்தால் எனக்கு ரிசல்ட் சொல்வார்களா?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கும், அதில் மூன்று இடம் பாருங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, மாதிரியை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், தற்செயலாக வேறு நோய் தெரிந்தால் தெரிவிப்பார்களா என்பது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையக்கூடாது. ஆராய்ச்சி லேபில் ஏதாவது தெரிந்து சொன்னாலும், புதிதாக ரத்தம் கொடுத்து மருத்துவ லேபில் உறுதி செய்தபிறகே மருந்தை மாற்ற வேண்டும்.