ஜிபிஜி கேள்வி பதில்: சாவியை நம்புவதா, ஆளை நம்புவதா?

கேள்வி: மின்னஞ்சலைப் பூட்டவும் கையொப்பமிடவும் உதவும் ஜிபிஜி (GPG) மென்பொருளில், நண்பர் எல்லோருக்கும் கொடுக்கும் பொதுச்சாவியைச் சேர்த்தேன். அவர் மின்னஞ்சலைத் திறந்தால் கையொப்பம் சரி என்கிறது ஜிபிஜி. கீழேயே, சாவி அவருடையது என்பதற்குச் சான்றில்லை என்கிறது. எதை நம்ப?

பதில்: இரண்டும் உண்மை. அஞ்சல் வழியில் மாறவில்லை, அந்தச் சாவியால்தான் கையொப்பம் இடப்பட்டது. ஆனால் சாவி யாருடையது? யார் பெயரிலும் யாரும் சாவி உருவாக்கலாமே. நண்பருக்கு போன் போட்டு, சாவியின் கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் எண்ணெழுத்து வரிசை), 40 இலக்கத்தையும், வாசிக்கச் சொல்லுங்கள். ஒத்துப்போனால் உங்கள் சாவியால் அதில் கையொப்பமிடுங்கள், எச்சரிக்கை போய்விடும். கடைசி எட்டு இலக்கம் போதும் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சாவிக்கே அதே எட்டு இலக்கத்தோடு ஒரு போலி உலவியது 2016-ல் தெரியவந்தது.

கேள்வி: கையொப்பமிட்டாயிற்று. அப்புறம் எதற்கு ‘ஓரளவு’, ‘முழு’ என்று நம்பிக்கை அளவு வேறு?

பதில்: முக்கால்வாசிப் பேர் குழம்புவது இங்கேதான். அந்த அளவு சாவியைப் பற்றியதே அல்ல. பிறர் சாவியைச் சரிபார்ப்பதில் அந்தச் சாவிக்காரர் எவ்வளவு கறார் என்பதைத்தான் கேட்கிறது. உயிர் நண்பராகவே இருக்கட்டும், கேட்டவர்க்கெல்லாம் கையொப்பமிடுபவர் என்றால் ‘நம்பவில்லை’ என்றே குறியுங்கள். அவருடைய சாவி அதனால் செல்லாமல் போகாது. மற்றபடி, நீங்கள் பார்த்திராத ஒருவரின் சாவி செல்லுபடியாக, முழு நம்பிக்கைக்குரிய ஒருவரின் கையொப்பம் போதும். ஓரளவு நம்பிக்கை என்றால் மூவர் வேண்டும். இதை மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றமாட்டேன்.

கேள்வி: ‘நம்பவில்லை’ என்று போட்டால் அவருக்குத் தெரிந்துவிடுமா சார்?

பதில்: தெரியாது, அது உங்கள் கணினியோடு சரி. கையொப்பம்தான் சாவியோடு ஊர் சுற்றும். யாருக்கு யாரைத் தெரியும் என்பதும் கூடவே வெளியாகும். அது வேண்டாமென்றால், உங்கள் கணினியை விட்டு வெளியே போகாத உள்ளூர்க் கையொப்பம் இடுங்கள்.

கேள்வி: பொதுச்சாவிகளைச் சேமித்துத் தரும் சேவையகத்திலிருந்து எடுத்த சாவியில் யார் கையொப்பமும் காணோமே?

பதில்: 2019-ல் ஓப்பன்பிஜிபி (ஜிபிஜி பின்பற்றும் தரம்) வட்டாரத்தில் தெரிந்த இருவரின் சாவிகளில் விஷமிகள் ஆயிரக்கணக்கில் கையொப்பங்களைக் கொட்டினார்கள், அவற்றை இறக்கியவர்களின் ஜிபிஜி முடங்கியது. அதற்குப் பிறகு, சேவையகம் தரும் பிறர் கையொப்பங்களை ஜிபிஜியே தள்ளிவிடுகிறது. கையொப்பங்களோடு வேண்டுமென்றால் சாவியை உரியவரிடமே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியில் இந்த நம்பிக்கை அளவுகள் எங்கே?

பதில்: தேடாதீர்கள், இல்லை. 2020-ல் 78-ஆம் பதிப்பில் குறியாக்கத்தை உள்ளேயே சேர்த்தபோது ஒருவர் கையொப்பத்தை வைத்து இன்னொருவர் சாவியை நம்பும் கையொப்ப வலையைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு சாவியையும் ஏற்கிறீர்களா, கைரேகை பார்த்தீர்களா என்று மட்டும் கேட்கும். பார்க்காமல் ‘பார்த்தேன்’ என்று அழுத்திவிடாதீர்கள்.