வல்லாரை குடுத்தா அம்மாவோட மறதி போகுமா?

கேள்வி: எங்கம்மாவுக்கு 74 வயசு, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. தேயிலைத் தோட்டத்து ஓடையோரம் வல்லாரை நெறைய கிடக்கு, தினமும் அரைச்சுக் குடுக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: துவையலா அப்பப்ப சாப்பிடட்டும்மா, ஆனா அதையே மருந்தா நம்பி உக்காந்துடாதீங்க. வல்லாரையில இருக்கற ஏசியாட்டிகோசைடுங்கற வேதிப்பொருள் எலிகளோட மூளை செல்லைக் காப்பாத்துறதா ஆய்வுல பாத்திருக்காங்க, மனுசங்ககிட்ட அந்தளவுக்கு உறுதியாகல. செடியிலேர்ந்து மருந்தே வராதுன்னு சொல்லல, ஸ்னோடிராப் பூச்செடியில 1950கள்லயே பிரிச்செடுத்த கேலண்டமைனுக்கு அமெரிக்காவுல அல்சைமர்ங்கற மறதி நோய்க்கு மருந்தா அனுமதி கிடைச்சது 2001லதான், அதுவும் மூளையில ஞாபகத்துக்கு உதவுற அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனம் சீக்கிரம் சிதையாம பாத்துக்குமே தவிர நோயை நிறுத்தாது. முதல்ல டாக்டர்கிட்ட காட்டி வைட்டமின் பி12, தைராய்டு டெஸ்ட் எடுங்க, கோளாறு அதுலன்னா மறதி சரியாகவே வாய்ப்பிருக்கு. தேயிலைக்கு மருந்தடிக்கிற இடத்துக் கீரை மட்டும் வேண்டவே வேண்டாம்.